அருகம்புல்லை நம்பிய கடற்கரை

வரப்பிலிருந்து அருகு வயலுக்குள் இறங்கிவிட்டால் விவசாயிக்கு அது தீராத தலைவலி. கோடையில் ஆழ உழுது, புரண்டு வந்த தண்டையும் வேரையும் வெயிலில் காயவிட்டு, கையால் பொறுக்கி எரித்தாலும், மண்ணில் தங்கிய ஒரு கணுவிலிருந்து மீண்டும் தழைத்துவிடும். பிள்ளையாருக்கு மாலையாகவும் மாட்டுக்குத் தீனியாகவும் உதவினாலும், பயிருக்கு நடுவே அது களைதான்.

இந்தக் களையைப் பல ஆயிரம் ஏக்கரில் விரும்பி நட்டு, உரமிட்டு, நீர் தெளித்து, வெட்டிய புல்லை ஒரு மாட்டுக்கும் போடாமல் பணம் சம்பாதித்த பகுதி ஒன்று அமெரிக்காவில் உண்டு. தென் கரோலினா மாநிலத்தின் அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள மிர்ட்டில் பீச் பட்டணமும், அதையொட்டிச் சுமார் 100 கிலோ மீட்டர் நீளும் கடற்கரையும்தான் அது. 'கிராண்ட் ஸ்ட்ராண்ட்' என்பது அக்கடற்கரையின் பெயர். அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ப் மைதானங்கள் எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பல மறைந்தன. ஒரு பயிருக்கு நல்ல விலை கிடைத்தவுடன் ஊரே அதைப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கதையில் பார்க்கலாம்.

மணல் காடு

கடற்கரை மணலும், பைன் மரக் காடும், சதுப்பு நிலமுமாக இருந்த பகுதி இது. பைன் மரத்திலிருந்து தாரும் கற்பூரத் தைலமும் எடுப்பதும், மரம் வெட்டுவதுமே பழைய தொழில்கள். உள்ளே தள்ளியிருந்த நிலங்களில் சூளையில் பதப்படுத்தும் வர்ஜீனியா வகைப் புகையிலை முக்கியப் பணப்பயிராக விளைந்தது. கடலோர மணலுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை.

1926ல் ஜான் உட்சைடு என்ற பஞ்சாலை முதலாளி அங்கு ஏறத்தாழ 65,000 ஏக்கரை 8.5 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஏக்கர் ஒன்றுக்கு 13 டாலர்தான் விழுந்தது. நிலத்தை விற்றது 'மிர்ட்டில் பீச் பார்ம்ஸ்' என்ற கம்பெனி. உட்சைடு 1927ல் ஒரு கோல்ப் மைதானம் திறந்தார். பணக்காரர்கள் தங்க ஒரு பெரிய ஓட்டலும் கட்டினார். ஆனால் 1929ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பெரும் மந்தம் வந்தது. தவணைப் பணம் கட்ட முடியாமல் போக, நிலத்தின் பெரும்பகுதி பழைய கம்பெனிக்கே திரும்பியது. அந்த மைதானம் மட்டும் பைன் லேக்ஸ் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. இங்கு விளையாட்டு மைதானத்தின் விதியை முதன்முதலில் நிர்ணயித்தது நிலக் கடன் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

மைதானத்தின் அமைப்பு

கோல்ப் விளையாட்டில் ஒரு சிறிய பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். முழு மைதானத்தில் 18 குழிகள் உண்டு. அதற்குச் சுமார் 150 ஏக்கர் நிலம் பிடிக்கும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் 'கிரீன்' என்ற மெத்தை போன்ற புல்தரை இருக்கும். ஒரு கிரீன் 12 முதல் 14 சென்ட் பரப்புதான். பதினெட்டும் சேர்ந்தால் மூன்று ஏக்கர்கூட வராது. ஆனால் மைதானத்தின் பெயரும் வருமானமும் அந்த மூன்று ஏக்கரில்தான் இருக்கின்றன.

கிரீனில் புல் மூன்று, நான்கு மில்லி மீட்டர் உயரத்துக்கு மேல் வளரக் கூடாது. வளரும் பருவத்தில் அநேகமாகத் தினமும் வெட்ட வேண்டும். மண் இறுகாமல் துளை போட்டு மணல் பரப்ப வேண்டும். பூஞ்சாண நோய்க்கு மருந்து தெளிக்க வேண்டும். அன்று 20 பேர் வந்தாலும் 200 பேர் வந்தாலும் இந்தச் செலவு குறையாது. அறுவடை இல்லாத பயிர் இது. விளையாட வருகிறவர் கொடுக்கும் கட்டணம் ஒன்றே மகசூல்.

களை பயிரான விதம்

அமெரிக்கர்கள் பெர்முடா புல் என்று அழைப்பது நமது அருகம்புல்லைத்தான். அங்கும் தென் மாநிலங்களின் பருத்தி விவசாயிகள் அதைக் களையென்றே வெறுத்தனர். அதைப் பயிராக்கியவர்களில் முக்கியமானவர் கிளென் பர்ட்டன் என்ற பயிர்ப் பெருக்க விஞ்ஞானி. 1936ல் ஜார்ஜியா மாநிலத்தின் டிப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அவர், முதலில் மாட்டுத் தீவனத்துக்காக அருகு இனங்களை ஒட்டுச் சேர்த்தார். 1943ல் வெளியான 'கோஸ்டல்' இனம் தென் மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் பரவியது.

அடுத்து அவர் சாதாரண அருகையும், மெல்லிய இலையுடைய ஆப்பிரிக்க அருகையும் ஒட்டுச் சேர்த்து விளையாட்டுத் தரைக்கான இனங்களை உருவாக்கினார். டிப்கிரீன் 1956லும், டிப்வே 1960லும் வெளியாயின. 1965ல் வந்த டிப்ட்வார்ப் குட்டை இனம். இவை விதை கட்டாத மலட்டு ஒட்டுகள். கரும்புக்குக் கரணை நடுவதுபோல் தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். இந்தப் புல் வந்த பிறகுதான் வெப்பமான தென் கரையோரத்தில் வழவழப்பான கிரீன் போடுவது எளிதாயிற்று.

இதே பர்ட்டனின் கம்பு ஆராய்ச்சி இந்திய விவசாயிகளுக்கும் பயன்பட்டது. அவருடைய 'டிப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டுத் தாய் வரிசையைக் கொண்டுதான் 1965ல் லூதியானாவில் எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு வெளியிடப்பட்டது. மகசூல் கூடியது. ஆனால் ஒரே தாய் வரிசையிலிருந்து வந்த ஒட்டுகளே எங்கும் பரவியதால், 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் புகுந்தபோது பாதிப்பும் பெரிதாக இருந்தது. எல்லாரும் ஒன்றையே நம்பும் ஆபத்து கடற்கரையில் வேறு வடிவில் வந்தது.

தரிசில் உளுந்து போல

1954 அக்டோபரில் ஹேசல் என்ற கடும் புயல் இந்தக் கரையைத் தாக்கியது. மரத்தால் கட்டிய கடலோர வீடுகள் ஏராளமாக அழிந்தன. காலியான மனைகளில் பெரிய விடுதிகள் எழுந்தன. கடலில் குளிக்க வரும் குடும்பங்களால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அவை நிரம்பின. மற்ற மாதங்களில் அறைகள் பூட்டிக் கிடந்தன.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் கோல்ப். மார்ச் முதல் மே வரை வசந்தமும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை இலையுதிர் காலமும் கடலில் இறங்கக் குளிர்ச்சி. ஆனால் வெயிலில் நடந்து விளையாட ஏற்றவை. வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பனி உருகாத மார்ச் மாதத்தில் இங்கு வெளியே விளையாடலாம். 1960களில் விடுதிக்காரர்களும் மைதானக்காரர்களும் கூடி, அறை, காலை உணவு, விளையாட்டுக் கட்டணம் மூன்றையும் சேர்த்து ஒரே விலையாக விற்கத் தொடங்கினர்.

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் உளுந்து தெளிப்பார்கள். தனி உழவு இல்லை. இருக்கிற ஈரத்தில் ஒரு உபரி வருமானம். மிர்ட்டில் பீச்சில் கோல்ப் அப்படித்தான் நுழைந்தது. கட்டிய விடுதி சும்மா கிடக்கும் மாதங்களில் அதற்கு ஆள் கொண்டுவரும் துணைப் பயிர் அது. மைதானத்தில் லாபம் குறைந்தாலும் அறை வாடகையில் ஈடுகட்டலாம் என்பதே கணக்கு. அந்த அளவில் கணக்கு சரியாகவே இருந்தது.

மனை விற்பனைக்கு ஒரு புல்வெளி

1980களிலும் 1990களிலும் கணக்கு மாறியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வடமாநிலத்தார் இந்தக் கரையில் குடியேற விரும்பினர். புல்வெளியைப் பார்த்தபடி வீடு இருந்தால் மனைக்குக் கூடுதல் விலை கிடைத்தது. மனை விற்பவர்கள் நடுவில் ஒரு மைதானம் போட்டு, ஓரத்தில் மனைகளை வெட்டி விற்றனர். மைதானம் தனியாக லாபம் தருமா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். மனைகள் விற்றுத் தீர்ந்தால் அவர்கள் வேலை முடிந்தது. மைதானத்தின் செலவு மட்டும் ஆண்டுதோறும் தொடர்ந்தது.

இதனால் விளையாடுகிறவர் எண்ணிக்கையைப் பாராமல் மைதானங்கள் பெருகின. 2000 ஆண்டை ஒட்டி இந்தக் கரையில் அவை நூறைத் தாண்டியிருந்தன. நாடு முழுவதும் அதே போக்கு. 2000ல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 400 புதிய மைதானங்கள் திறக்கப்பட்டன. ஆட்டக்காரர்களின் தொகை அந்த வேகத்தில் பெருகவில்லை.

சந்தையில் வரத்து கூடினால் விலை இறங்கும் என்பது தக்காளி பயிரிட்டவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து மைதானத்தைவிடக் குறைந்த கட்டணம் என்று ஒவ்வொருவரும் இறங்கினர். கட்டணம் குறைந்தபோது பராமரிப்பையும் குறைத்தனர். பராமரிப்பு குறைந்த கிரீனுக்கு ஆள் வரவில்லை.

குளிர்காலச் செலவு

அருகு வெயிலின் பிள்ளை. மண்ணின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்கினால் அது பச்சையம் இழந்து வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். வசந்த காலத்தில் வரும் பயணிக்குப் பச்சைத் தரை காட்ட வேண்டும் என்பதற்காக, இலையுதிர் காலத்தில் அருகின்மேல் ரை புல் விதையைத் தெளிப்பது வழக்கம். ரை புல் குளிரில் பச்சையாக நிற்கும். வெயில் ஏறியதும் அது மடிந்து, அடியில் உள்ள அருகு எழ வேண்டும். ரை புல் நீடித்து நின்றால் அருகு நலிந்துவிடும். ஆக ஒரே தரையில் ஆண்டுக்கு இரண்டு சாகுபடிச் செலவு. இந்தச் செலவைத் தவிர்க்க இப்போது பல மைதானங்கள் விதைப்பை விட்டுவிட்டு, உறங்கும் அருகின்மேல் பச்சைச் சாயம் தெளிக்கின்றன.

வீழ்ச்சி

2003 முதல் 2006 வரை அமெரிக்காவில் வீட்டு மனை விலை ஏறியது. கட்டணம் இறங்கிய மைதானத்தை நடத்துவதைவிட, அந்த நிலத்தை மனையாக விற்பது பன்மடங்கு லாபம் என்று உரிமையாளர்கள் கண்டனர். மைதானத்தைத் தோற்றுவித்த மனை வியாபாரமே அதை விழுங்கவும் வந்தது.

பே ட்ரீ என்ற இடத்தில் 18 குழிகள் கொண்ட மூன்று மைதானங்கள் இருந்தன. 1977ல் பெண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரும் போட்டி அங்குதான் நடந்தது. ஜப்பானின் சாக்கோ ஹிகுச்சி அதில் வென்றார். அவ்வளவு பேர் பெற்ற மைதானங்களும் 2000களின் நடுவில் மூடப்பட்டன. வைல்ட் விங் என்ற இடத்தில் நான்கு மைதானங்களில் 72 குழிகள் இருந்தன. அவை 27 ஆகச் சுருங்கின. நாடு முழுவதும் 2006 முதல் பல ஆண்டுகள் திறந்தவற்றைவிட மூடியவையே அதிகம்.

பிறகு 2008ல் மனை விலையும் சரிந்தது. மூடிய மைதானங்கள் சிலவற்றில் வீடும் எழவில்லை, புல்லும் வெட்டப்படவில்லை. புதரும் பைன் கன்றுகளும் முளைத்தன. புல்வெளி தெரியும் என்று கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கியவர்கள், புதரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2014, 2015 ஆண்டுகளில் சீன முதலீட்டில் இயங்கிய ஒரு நிறுவனம் இந்தக் கரையில் 22 மைதானங்களை வாங்கியது. பல மைதானங்கள் ஒரே கைக்குள் வந்தன.

புகையிலை விவசாயிகள்

இதே காலத்தில் உள்ளே தள்ளியிருந்த புகையிலை நிலங்களிலும் ஒரு பருவம் முடிந்தது. 1930களிலிருந்து அமெரிக்க அரசு புகையிலைக்கு ஒவ்வொரு பண்ணைக்கும் அளவு நிர்ணயித்து விலைக்குத் தாங்கல் கொடுத்து வந்தது. 2004ல் இயற்றிய சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. அளவு உரிமை வைத்திருந்தவர்களுக்கும் விளைவித்தவர்களுக்கும் நாடு முழுவதும் சுமார் 1,000 கோடி டாலர் நஷ்ட ஈடு, 2005 முதல் 2014 வரை பத்துத் தவணைகளாக வழங்கப்பட்டது. இனிச் சந்தை விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விளைவிக்கலாம். தாங்கல் விலை கிடையாது. சிறு பண்ணைகள் பல புகையிலையைக் கைவிட்டன.

மிர்ட்டில் பீச் அடங்கிய ஹாரி மாவட்டத்தின் மக்கள் தொகை 1990ல் 1,44,053. 2020ல் அது 3,51,029. முப்பது ஆண்டில் இரண்டரை மடங்குக்கு நெருங்கிய வளர்ச்சி. இத்தனை பேருக்கும் வீடு கட்ட நிலம் வேண்டும். தாங்கல் இழந்த புகையிலை நிலமும், ஆள் குறைந்த புல்வெளியும் மனை விலைக்கு முன்னால் ஒரே நிலையில் நின்றன. ஒன்று தலைமுறையாக உழுத நிலம். மற்றது விளையாட்டுத் தரை. வாங்குபவர் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

திரும்பாத நிலம்

மூடிய மைதானம் மீண்டும் விளைநிலமாவது அரிது. கிரீன்களின் அடியில் மண்ணை எடுத்துவிட்டு மணலும் கல்லும் குழாயும் போட்டிருப்பார்கள். முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க மைதானங்களில் பாதரசம் கலந்த பூஞ்சாணக் கொல்லிகளும், ஆர்சனிக் கலந்த களைக்கொல்லிகளும் பரவலாகத் தெளிக்கப்பட்டன. அவற்றின் எச்சம் மண்ணில் தங்கக்கூடியது. ஆகவே பழைய மைதானத்தில் வீடு கட்டுமுன் மண் பரிசோதனை அவசியமாகிறது.

மற்றொரு விஷயம் தண்ணீர். இந்த மைதானங்களில் வெட்டிய குளங்கள் அழகுக்கு மட்டும் அல்ல. தாழ்வான கடலோரத்தில் மழை நீரை வாங்கி மெல்ல வடியவிடும் ஏரியின் வேலையை அவை செய்தன. புல்தரை மறைந்து கூரையும் தார்ச் சாலையும் வந்தால் நீர் மண்ணில் இறங்க இடம் குறையும். 2018 செப்டம்பரில் புளோரன்ஸ் புயல் மழையால் வாக்கமா ஆறு பெருகி இம்மாவட்டத்தின் கான்வே பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. அது பெரும் மழையால் வந்த வெள்ளம் என்றாலும், தாழ்வான இடங்களில் வீடு கட்டுவதன் அபாயத்தை மக்கள் நேரில் கண்டனர்.

மீண்டும் ஒரு பருவம்

2020 வசந்தத்தில் கொரோனா நோயால் விடுதிகள் சில வாரங்கள் மூடின. வசந்தப் பட்டம் போயிற்று என்று எல்லாரும் நினைத்தனர். ஆனால் திறந்த வெளியில், விலகி நின்று விளையாடலாம் என்பதால் கோடையிலிருந்து கூட்டம் கூடியது. நாடு முழுவதும் அந்த ஆண்டு ஆட்டங்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 14 சதவீதம் உயர்ந்தது. மைதானங்கள் குறைந்திருந்ததால் எஞ்சியவற்றுக்குக் கட்டணமும் ஏறியது. நட்டத்தைத் தாங்கி, புல்லைக் காத்து நின்றவர்கள் பலன் கண்டனர். எனினும் மனை விலையும் கூடவே ஏறியதால், நிலத்தை விற்கும் ஆசையும் விட்டபாடில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மிர்ட்டில் பீச் மைதானங்கள் அழிந்தது புல் விளையாததால் அல்ல. புல் நன்றாகவே விளைந்தது. கணக்குத்தான் பிழைத்தது. புதிய பயிருக்கோ புதிய தொழிலுக்கோ நிலத்தை மாற்றுமுன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

1. இன்றைய விலையைத் தாங்குவது எது? மைதானத்தை முதலில் விடுதியும் பிறகு மனை விற்பனையும் தாங்கின. புகையிலையை அரசு தாங்கியது. தாங்குகோல் அகன்றால் பயிர் தன் காலில் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

2. பக்கத்தில் எத்தனை பேர் இதையே செய்யப் போகிறார்கள்? முதலில் போட்டவரின் லாபத்தைப் பார்த்து நூறாவதாகப் போடுகிறவருக்கு அந்த விலை கிடைக்காது.

3. வருமானம் இல்லாத மாதத்திலும் தொடரும் செலவு எவ்வளவு? விலை சரிந்தால் வெங்காயம் போட்டவர் அடுத்த பட்டத்தில் சோளம் போடலாம். தினமும் வெட்ட வேண்டிய புல்லைப் போட்டவர் ஒரு நாளும் நிறுத்த முடியாது. வாங்கிய கடனும் அப்படித்தான்.

4. நிலம் பழைய நிலைக்குத் திரும்புமா? மேல்மண்ணை எடுத்து, வாய்க்காலைத் தூர்த்து, கல் பரப்பிய பிறகு மனம் மாறினால் பயனில்லை.

துணை வருமானம் தவறல்ல. அதை முதன்மைப் பயிரின் ஈரத்தில் வளரும் உளுந்தாக வைத்துக்கொள்ளும் வரை அது குடும்பத்தைக் காக்கும். முழு நிலத்தையும் அதற்கே கொடுத்துவிட்டால், வெளியூரிலிருந்து வருகிறவர் ஒரு பருவம் வராமல் போனாலும் பாதிப்பு நிலத்துக்காரருக்குத்தான்.

ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்பது நமது வாழ்த்து. மிர்ட்டில் பீச் மைதானங்களில் அருகு நன்றாக வேரோடியது. அதை நட்டவர்களில் பலருக்கு அந்த நிலத்தில் வேர் இல்லை.